பங்குனியில் நின்றவள்

மெல்போர்ன் நகரில் வசந்தம் புரட்டாசியில் வருகிறது. மகள் வீட்டில் குடியேறிய முதலாண்டில் இதை ஏற்க என் மனம் மறுத்தது. கொலுவுக்குப் படி கட்டும் நாளில் சன்னலுக்கு வெளியே மரமெல்லாம் பூத்து நிற்கும். பங்குனியில் திருநீறு அணிந்து கிழக்கு நோக்கி அமர்ந்து, இளவேனிலைப் பாடும் பதிகம் ஒன்றை எடுத்தால், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு சருகுகளைக் கூட்டிக்கொண்டிருப்பார். வாய் ஒரு பருவத்தையும் கண் வேறொரு பருவத்தையும் சொல்லும். பாடிய பெரியோர்கள் பொறுத்துக்கொள்ளட்டும் என்று ஓதி முடிப்பேன்.

அப்படி ஒரு புரட்டாசியில் மகள் என்னை ஓர் ஓவியக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். பல அறைகளைக் கடந்தபின் ஒரு படத்தின் முன் என் கால் நின்றுவிட்டது. மஞ்சள் பூக்கள் பரந்த ஒரு சரிவு. புதுத்தளிர் விட்ட சில மரங்கள். நடுவே, யாருமற்ற அந்த வெளியில், ஒரு பெண் தனியாக நிற்கிறாள். எங்களுக்குப் பக்கத்தில் இரண்டு வயதான வெள்ளைக்காரப் பெண்மணிகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மெல்லச் சிரிக்கவே, என்ன பேசினார்கள் என்று மகளைக் கேட்டேன். "யாருக்காகவோ காத்திருக்கிறாள், பாவம்" என்றாளாம் ஒருத்தி. "இல்லையடி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது" என்றாளாம் மற்றவள்.

நானும் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் கண் கலங்கிவிட்டது. மகள் பதறினாள். "இப்படி ஒரு படத்தில் நானும் நின்றிருக்கிறேன்" என்றேன். அவளுக்கு அது புதுச் செய்தி. அவள் பிறப்பதற்கு முன்பே அந்தப் படம் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது.

என் கணவர் கடலூர் முதுநகரில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். வாழ்ந்த காலமெல்லாம் பிறருக்காகவே வரைந்தார்: ஆண்டு விழா நாடகத் திரைகள், அறிவியல் வகுப்புக்கு இதயமும் நுரையீரலும், தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்தில் மணமக்கள் பெயர். தமக்கென்று வரைந்தது அந்த ஒன்றுதான். மணமாகி வந்த முதல் பங்குனி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உப்பனாற்றங்கரையில் ஒரு முள்முருங்கை மரம் இலையைக் குறைத்துக்கொண்டு செக்கச்செவேலென்று பூத்திருந்தது. பக்கத்தில் ஒரு புங்கமரம். அதன் தளிர் வெயில் பட்டு மின்னும். அடியில் பொரி இறைத்தாற்போலப் பூ உதிர்ந்து கிடக்கும். அடைக்கு அரைக்க முள்முருங்கை இலை பறிக்கலாம் என்று, நீளக் கழியின் நுனியில் அரிவாள் கட்டிய தொரட்டியோடு போனவள், போன காரியத்தை மறந்து நின்றுவிட்டேன். அப்போது ஒரு பதிகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஏழாம் பாட்டில் ஓர் அடி வராமல் அடம்பிடித்தது. வாயைப் பாதி திறந்தபடி அந்த அடிக்காகக் காத்து நின்ற என்னை, சாப்பாட்டு வேளைக்கு வீடு வந்த அவர் பார்த்துவிட்டார். "அப்படியே நில்" என்றார். அதன்பின் நாள்தோறும் அந்த நேரத்தில், அதே பச்சைப் புடவையோடு, அதே தொரட்டியோடு, கால் கடுக்க நின்றேன்.

அடுத்த ஆண்டு அவருக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. அந்தச் சமயத்தில் உடன் பணியாற்றிய கணக்கு வாத்தியார் கிள்ளையில் வீடு கட்டிக் குடிபுகுந்தார். புதுமனைக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டுமே என்று என் கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரிலிருந்து படத்தைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். நான் அவரோடு பேசவில்லை. "படம்தானே போயிற்று, நின்றவள் என் வீட்டில்தானே இருக்கிறாள்" என்று சொல்லிச் சொல்லிச் சமாதானம் செய்தார்.

இப்போது பார்த்தவர் இல்லை. நின்றவள் மட்டும் இருக்கிறேன். அவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்தேன் என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. இதைச் சொன்னதும் மகள் என் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், காலை வெயில் விழும் இடமாகப் பார்த்து, ஓர் ஆணி அடித்தாள். "போய் எடுத்துட்டு வாம்மா" என்றாள். அடுத்த பங்குனியில் புறப்பட்டேன்.

கடலூரில் என்னை வரவேற்றவர் கணவரின் தம்பி சபாபதி. அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணனுக்கு நேர் எதிர், பேச்சு நிற்காது.

"வாங்க அண்ணி. இங்க வெயிலு ஜாஸ்தி. அந்த ஊர்லேருந்து கொஞ்சம் குளுர மூட்டை கட்டிக்கினு வந்திருக்கலாம் இல்ல?" என்றார்.

"கட்டினேன். விமானத்தில் எடை அதிகம் என்று இறக்கிவிட்டார்கள்" என்றேன்.

முதுநகருக்குள் ஆட்டோ திரும்பியதுமே உப்புக் காற்றோடு துறைமுகப் பக்கமிருந்து கருவாட்டு வாடை வந்தது. சைவ நாக்கு எனக்கு. ஆனாலும் அந்த வாடை இல்லாத முதுநகரை என் மூக்கு ஒப்புக்கொள்ளாது. மெல்போர்னில் கடல் உண்டு, வாடை கிடையாது. கடலைக் கழுவித் துடைத்து வைத்தாற்போல இருக்கும். நாங்கள் குடியிருந்த வீட்டில் இப்போது செல்போன் கடை. பின்னால் ஆற்றங்கரை முழுதும் சீமைக்கருவேலம். முள்முருங்கை நின்ற இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. நெடுநேரம் பார்த்தேன். கடைக்காரப் பெண் வெளியே வந்து, "ரீசார்ஜாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்துத் திரும்பினேன்.

மறுநாள் திருவதிகை. எந்த முயற்சியையும் வீரட்டானத்து இறைவனிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது எங்கள் குடும்ப வழக்கம். பண்ருட்டிச் சாலை ஓரமெல்லாம் பலாப்பழம் குவிந்து கிடந்தது. முந்திரிப் பழத்தின் காரமான இனிப்பு மணம் பேருந்துக்குள்ளேயே வந்தது. வயிற்று நோவோடு வந்த ஓர் அடியார் பாடிப் பாடிக் குணமான தலம் அது. உயிர் போகும் வலியோடு பலர் வந்து நிற்கும் சந்நிதியில், ஒரு படம் வேண்டும் என்று கேட்க நாக் கூசியது. கேட்காமல் ஒரு பதிகம் மட்டும் ஓதினேன். பின்னால் நின்ற ஒரு பெண், "மைக்கே வேணாம் போலிருக்கே" என்று துணைக்கு வந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. புகழ்ச்சியா, குறையா என்று தெரியவில்லை. சுருதியைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டேன்.

அங்கிருந்தே சபாபதி கிள்ளைக்குப் பேசினார். கணக்கு வாத்தியார் காலமாகிப் பல ஆண்டுகள். அவர் மகன் ராஜேந்திரன்தான் அந்த வீட்டில் இருக்கிறார். "படமா? இருக்குது மாமா, நல்லா இருக்குது. நாளைக்கே வாங்க. வீட்ல விசேசம், நீங்க வந்தா நல்லது" என்றாராம். என்ன விசேசம் என்று கேட்கச் சபாபதிக்குத் தோன்றவில்லை. ஆண்களுக்கு அது தோன்றுவதில்லை.

மூன்றாம் நாள் காலை சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினோம். கடலூரை விட்டதிலிருந்தே சபாபதி தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார். "கிளட்சு போவப் போவுது அண்ணி" என்றார். கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. இறங்கிப் போய் ஓட்டுநருக்குப் பாடம் நடத்தினார். ஓட்டுநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெரியவரே, கிளட்சு இல்ல. டீசல் இல்ல" என்றார். டீசல் வந்தபின் ஏறி அமர்ந்தவர் சிதம்பரம் வரும்வரை எஞ்சினைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தில்லையில் கூத்தப்பெருமானைக் கண்குளிரக் கண்டேன். பொன்னம்பலத்தின் முன் நிற்கும்போது எனக்குப் பாட்டெல்லாம் மறந்துவிடும், இம்முறையும் மறந்தது. பின்னர் கீழவீதி ஓட்டல் ஒன்றில் இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும். பக்கத்து மேசையில் ஒரு தம்பதி. "எங்கம்மா கத்திரிக்காயச் சுட்டுதான் செய்வாங்க" என்றார் கணவர். "அப்ப அவுங்க வீட்லயே போய்த் தின்னுங்க" என்று மனைவி இலையிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் இலையிலிருந்த கொத்சை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அதைப் பார்த்தபின் என் இலையைப் பாதியிலேயே மடித்துவிட்டேன்.

கிள்ளைக்குப் போகும் சாலையில் காயலும் உப்பு மண்ணும் தொடங்கும் இடத்தில் தில்லை மரங்களைக் கண்டேன். பெருமான் ஆடிய வனத்தின் பெயர் அந்த மரத்தால் வந்தது. ஆனால் கோயிலூரில் அது இல்லை, இந்தச் சேற்றோரத்தில்தான் நிற்கிறது. நெஞ்சுக்குள் பேச வேண்டிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். 'உங்கள் தந்தைக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது முறையன்று. இருந்தாலும்...' அந்த 'இருந்தாலும்' என்பதற்கு அப்பால் ஒன்றும் அமையவில்லை.

ராஜேந்திரன் வீட்டு வாசலில் வாழை கட்டியிருந்தது. பந்தலுக்குள் கண்ணாடி வளையல்களைச் சரம் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏழு மாதக் கருவோடு அவர் மகள் பவித்ரா மணையில் அமரத் தயாராகிக்கொண்டிருந்தாள். வளைகாப்பு. தெரிந்திருந்தால் நான் வேறொரு நாளில் வந்திருப்பேன். கைம்பெண் முன்னிற்கும் விழா அல்ல அது. திரும்பலாம் என்று சபாபதியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் ராஜேந்திரனும் அவர் மனைவி செல்வியும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"வாங்கம்மா, வாங்க. வரைஞ்சவுங்க வீட்டு அம்மாவே இன்னிக்கு வந்துட்டீங்க பாருங்க. இதுக்கு மேல என்னா வேணும்" என்று செல்வி என் கையைப் பிடித்து நேரே பூசையறைக்கு அழைத்துப் போனாள்.

அங்கே என்னைப் பார்த்தேன்.

படத்தின் சட்டத்தைச் சுற்றிக் கதம்பமாலை. கீழே இரண்டு குத்துவிளக்கு, எலுமிச்சம்பழம், ஒரு சொம்பில் வேப்பிலை. வண்ணம் சற்று மங்கியிருந்தாலும் முள்முருங்கையின் சிவப்பு மங்கவில்லை. புங்கந்தளிர் மின்னியது. பச்சைப் புடவை கட்டிய அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் தொரட்டியோடு தனியே நின்றாள். நெற்றியில் அசல் குங்குமம், கனமாக. படத்தின் மூலையில் அவர் கையெழுத்து இருந்த இடத்தைச் சந்தனம் மூடியிருந்தது.

"பச்சையம்மா" என்று சொல்லிச் செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இந்தப் பக்கத்தில் பச்சையம்மன் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். ஈசனை அடைவதற்காகத் தனியே நின்று தவம் செய்தவள், பச்சை நிறத்தாள், அவள் கோயிலில் மலை போல முனீஸ்வரர்கள் காவல் இருப்பார்கள். செல்வி எனக்கு விளக்கினாள். "கையில கரும்பு பாருங்கம்மா. பின்னால தூரத்துல ரெண்டு பனமரம் இருக்குல்ல, அதுதான் முனீஸ்வரரு. மாஸ்டர் அய்யா நேரா வரையாம அப்பிடிக் காட்டியிருக்காரு. வாயப் பாருங்க, எதோ வாக்கு சொல்ல வர்றா மாதிரி இல்ல?"

அந்த வாய் ஏழாம் பாட்டின் ஓர் அடிக்காகத் திறந்திருந்தது என்பதை அறிந்த ஒரே உயிர் நான்.

சபாபதி என் காதருகே குனிந்தார். "அண்ணி, இது நீங்க" என்றார். அவர் தோள் குலுங்கியது. நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கினார்.

ராஜேந்திரன் கதையைச் சொன்னார். அவர் அம்மா, இது யார் படம் என்று கேட்டபோது, கணக்கு வாத்தியார், "சாமி படம், நல்லபடியா வெச்சிக்க" என்றாராம். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கண்ணியமான மனிதர் அவர். நண்பனின் இளம் மனைவி படத்தைத் தம் வீட்டில் மாட்டியிருக்கிறோம் என்று அந்தக் காலத்தில் எப்படிச் சொல்வார்? மறுக்கவும் முடியாது, மறைத்து வைக்கவும் முடியாது. சாமியாக்கிவிட்டார். அதன்பின் கடல் ஊருக்குள் புகுந்த நாளில் படம் மாட்டியிருந்த சுவரின் கடிகாரமும் நாட்காட்டியும் போட்டோக்களும் தண்ணீரோடு போயின. இந்தப் படம் மட்டும் ஆணியோடு நின்றதாம். அன்று முதல் அது பூசையறைக்கு வந்துவிட்டது.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றாள் செல்வி. பவித்ராவும் வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். "அய்யா கனவுல ஆத்தா வந்து, என்னெ வரைன்னு சொன்னாளாமே. எங்க மாமனாரு சொல்லுவாரு. நெசமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்லிப் பழகாத நாக்கு, திருநீற்று நெற்றி. உண்மையைச் சொல்லலாம்; அது ஒரு சொல்தான். அந்தச் சொல்லுக்குப் பிறகு இந்த விளக்கை யார் ஏற்றுவார்கள்?

"கனவில் இல்லை அம்மா" என்றேன். "நாள்தோறும் நேரில் பார்த்துத்தான் வரைந்தார்."

செல்வி தன் கையை நீட்டிக் காட்டினாள், மயிர்க்கூச்செறிந்திருந்தது. "நேர்லயே பாத்திருக்காருடி" என்று மகளிடம் சொன்னாள். சபாபதிக்குப் புரையேறிவிட்டது. யாரோ ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிழையைத் திருத்தாமல் விட்டதோடு அதற்குச் சாட்சியும் சொல்லிவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து மேலே ஏதாவது சொல்ல முயன்றேன். அப்போது ராஜேந்திரன் முந்திக்கொண்டார்.

"சபாபதி மாமா போன்ல சொன்னாரும்மா. இந்தப் படத்துக்காவத்தான் அவ்ளோ தூரத்துலேருந்து வர்றீங்கன்னு. அய்யா கையால வரைஞ்சது. உங்களுக்குத்தான் உரிமை. நீங்க எடுத்துக்கினு போறேன்னா நான் மறிக்க மாட்டேன்."

திரியைத் தூண்டிக்கொண்டிருந்த செல்வியின் விரல் விளக்கின்மேலேயே நின்றது. பவித்ரா வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு முன்பு இரண்டு கரு தங்கவில்லை என்றும், இம்முறை பச்சையம்மனுக்கு முடிந்துவைத்த மஞ்சள் துணிதான் சட்டத்தின் மேல்மூலையில் கட்டியிருப்பது என்றும் அதற்குச் சற்று முன்தான் செல்வி சொல்லியிருந்தாள்.

"பொறக்கிற வரைக்கும் இருக்கட்டுமே பாட்டி" என்றாள் பவித்ரா. குரல் மிகவும் தணிந்திருந்தது. "அப்பறம் நானே பேக் பண்ணி அனுப்புறேன்."

எதிர்ச்சுவரில் மகள் அடித்துவைத்த ஆணி என் கண் முன் வந்தது. அந்தச் சுவரில் மாட்டினால் இவள் யார்? நாள்தோறும் நானும், வாரத்தில் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும் என் மகளும், அவ்வளவுதான் இவளுக்கு உலகம். இருந்தும் ஆசை விடவில்லை. என்னை அவர் பார்த்த பார்வை, அதோ, கைக்கெட்டும் தூரத்தில். 'பிறந்தபின் அனுப்பு' என்று சொல்ல வாய் வந்தது. சபாபதியும் கண்ணால், கேளுங்கள் என்றார்.

"அங்கே இவளுக்கு ஒரு வேலையும் இல்லை அம்மா" என்றேன். "இங்கே இருக்கிறது. இங்கேயே இருக்கட்டும்."

செல்வி என் காலில் விழுந்தாள். படத்திலும் நேரிலுமாக ஒரே நாளில் இரண்டு இடத்தில் எனக்கு வணக்கம். கூசிப்போய் அவளைத் தூக்கினேன்.

கற்பூரம் ஏற்றினார்கள். சிவசிவ, இது அடுக்குமா என்று என் உள்ளம் நடுங்கியது. வாழ்நாளெல்லாம் ஒருவன் திருவடியைப் பாடியவள், தன் முகத்துக்குத் தீபம் காட்டப்படுவதைப் பார்த்து நிற்கிறேன். மஞ்சளை உருட்டிப் பிடித்து வைத்து அறுகு சாத்தினால் அது பிள்ளையார். நானே எத்தனை முறை பிடித்திருக்கிறேன். மஞ்சளுக்கு அதில் பெருமையும் இல்லை, பாவமும் இல்லை. அப்படி நினைத்ததும் நடுக்கம் சற்றுத் தணிந்தது. தீபத்தின் ஒளியில் படத்திலிருந்தவளை உற்றுப் பார்த்தேன். அந்தப் பங்குனியில் எனக்கு இடுப்பில் வேர்க்குரு, காலில் முள் கீறல், முகத்தில் எரிச்சல். அவற்றில் ஒன்றையும் அவர் வரையவில்லை. இத்தனை அமைதியாக, இத்தனை அழகாக நான் ஒருநாளும் நின்றதில்லை. அவர்கள் கும்பிடுவது என்னையன்று என்பதில் எனக்கு ஐயமே இல்லாமற்போயிற்று. முட்டிவலியைப் பொறுத்துக்கொண்டு கீழே விழுந்து வணங்கினேன். வரைந்த கையை நினைத்துக்கொண்டேன்.

பந்தலில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். உறவுக்கார அம்மாள் ஒருத்தி செல்வியிடம், "விவரம் தெரியாம முன்னால ஒக்கார வெச்சிருக்கியே" என்று முணுமுணுத்தது கேட்டது. செல்வி பதில் சொல்வதற்குள் நானே எழுந்து கடைசி வரிசைக்குப் போனேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பழகிய இடம்.

முதலில் வேப்பிலைக் காப்பு. பிறகு அம்மனுக்கென்று ஒரு கொத்துப் பச்சை வளையல்களைப் படச்சட்டத்தில் மாட்டித் தீபம் காட்டினார்கள். அதன்பின் பவித்ராவின் கைகளில் சுமங்கலிகள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். அவள் அத்தை ஒருத்தி, "இன்னும் நாலு போட்டா கைய தூக்க முடியாது, சோறு நான்தான் ஊட்டணும்" என்றாள். "ஊட்டுறதுக்குத்தான வந்திருக்க. வேற எதுக்கு உன்ன கூப்புட்டோம்" என்று மற்றொருத்தி சொல்ல, பந்தல் சிரித்தது.

"எங்க அண்ணி நல்லா பாடுவாங்க" என்று எங்கிருந்தோ சபாபதியின் குரல். தப்ப முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடினேன். வேறெதுவும் வாயில் வராமல் அந்தப் பழைய பதிகமே வந்தது. ஏழாம் பாட்டை நெருங்கும்போது பூசையறைக் கதவின் வழியே அவள் முகத்தைப் பார்த்தேன். அடி பிசகாமல் வந்தது.

விருந்தில் புளிச்சாதமும் தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும். சபாபதி அத்தனையிலும் இரண்டு முறை போட்டுக்கொண்டார். பிறகு வந்த பெண்களுக்கெல்லாம் தட்டில் வளையல் கொடுத்தார்கள். தட்டு என் வரிசைக்கு வந்ததும், கொண்டுவந்த பெண் ஒரு கணம் தயங்கி, வெற்றிலைப் பாக்கும் பழமும் மட்டும் எடுத்துக் கொடுத்தாள். முறைதானே என்று வாங்கிக்கொண்டேன். அவர் போன பதினாறாம் நாளுக்குப் பிறகு என் கையில் கண்ணாடி ஏறியதில்லை.

விடைபெற எழுந்தபோது பவித்ரா பூசையறைக்குள்ளிருந்து வந்தாள். இரண்டு கையிலும் வளையல் கலகலத்தது. படச்சட்டத்தில் மாட்டியிருந்த பச்சை வளையல்களில் ஒன்று அவள் விரலில் இருந்தது.

"கைய குடுங்க பாட்டி."

"எனக்கு வேண்டாம் அம்மா. நான் போடுவதில்லை."

"கடையில வாங்கினதக் குடுத்தா வேணாம்னு சொல்லுங்க. இது ஆத்தா போட்டிருந்தது. இதுக்கு யாரு என்னா சொல்லப் போறாங்க?" என்று அவள், முன்பு முணுமுணுத்த அம்மாள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள், "அம்மன் குடுக்கறதுக்கு நாம யாரு? போட்டுக்கட்டும்" என்றாள்.

சூலிப்பெண் நீட்டிய கையைத் தட்டக்கூடாது. கையைக் கொடுத்தேன். அவள் அளவுக்கு வாங்கிய வளையல். சதை வற்றிய என் கையில் ஒரு தடையுமின்றி ஏறி, மணிக்கட்டைத் தாண்டித் தொளதொளவென்று நின்றது. கிள்ளையில் எவருக்கும் தெரியாது. அவர் தீட்டிய அந்தப் பெண்ணின் சட்டத்திலிருந்து கழற்றி, எனக்கே போட்டார்கள்.

திரும்பும் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. சபாபதி பக்கத்தில் வந்து அமர்ந்தார். பிறகு, "அண்ணன் இருந்திருந்தா இன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு அண்ணி" என்றார். ஆமாம் என்றேன். "கெளம்பறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் அவுங்ககிட்ட சொல்லிடலாம்னு வாய் அரிச்சிது, தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன்.

வெளியே காயலின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சாலை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் வளையல் சரிந்து வந்து கம்பியில் மோதி ஒலித்தது. உடைந்துவிடும், கையை எடுங்கள் என்றார் பின்னாலிருந்த ஒருவர். சிதம்பரம் வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.